ஒரு பழைய நோட்டு, பதினோரு கேள்விகள்: இரண்டாம் அலையில் ஒரு தலைப்பிரசவம்

"நடந்தத எழுதுங்க நர்சம்மா, ஆனா எங்க ஊருன்னு போட்டுறாதீங்க" என்று சொல்லித்தான் அந்தப் பெண் சம்மதம் கொடுத்தாள். அதனால் பெயரும் ஊரும் இங்கே இல்லை. தென்மாவட்டம் ஒன்றில், டவுனிலிருந்து 14 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் கிராமம் என்ற அளவில் இருக்கட்டும். நான் அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர். காலம் 2021 ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடு வரை, கொரோனா இரண்டாம் அலை.

பிரசவம் நெருங்கும்போது மனதை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரும் புத்தி சொல்கிறோம். எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை. 18 வருடச் சர்வீஸில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பிரசவம் என் பேச்சையே மாற்றிவிட்டது. அதனால்தான் விவரமாக எழுதிவைக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 24. கல்யாணமாகி ஒன்றரை வருடம். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்; இவளும் அங்கேயே செக்கிங் வேலையில் இருந்தவள். கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும் பிக்மி எண், இரண்டு டி.டி. ஊசி, ஐந்தாம் மாத ஸ்கேன் எல்லாம் அங்கேயே ஒழுங்காக முடிந்திருந்தது. சித்திரை 3-ஆம் தேதி வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஏப்ரல் 20-ஆம் தேதி இரவு ஊரடங்கு ஆரம்பித்தது. "நாலு நாள் தள்ளி வச்சிருந்தா ராத்திரி பஸ்ஸே கிடைச்சிருக்காது" என்று அவளுடைய அம்மா இன்றைக்கும் சொல்வார்.

எதிர்பார்க்கும் தேதி ஜூன் 2. ரத்த வகை ஓ பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 10.2, அதாவது லேசான ரத்தசோகை. சர்க்கரை இல்லை. குழந்தை தலை கீழாக நல்ல நிலையில் இருந்தது. மருத்துவக் கணக்கில் சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம்.

செவ்வாய்க்கிழமை தாய்மார் பரிசோதனை நாள். மே 4 அன்று பி.பி. 110/70. அடுத்த செவ்வாய், மே 11 அன்று 130/86. கால் வீக்கம் இல்லை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இல்லை, தலைவலி இல்லை, கண் மங்கலும் இல்லை. இடது பக்கமாக அரை மணி நேரம் படுக்கவைத்து மறுபடி பார்த்தேன்: 118/76. சரி, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு, "தூங்குனியா தாயி?" என்று கேட்டேன். நாலு நாளாகத் தூங்கவில்லை என்றாள்.

அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்றால், மே 8 அன்று அவர்கள் தெருவில் ஒருவரை மூச்சுத் திணறலோடு 108-இல் ஏற்றிப்போனார்கள். திரும்பி வரவில்லை. உடலையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மே 10 அன்று முழு ஊரடங்கு வந்தது. அதோடு கைப்பேசியில் வந்து விழுந்த செய்திகள் வேறு. ஆக்ஸிஜன் அளவு கூட வேண்டுமானால் குப்புறப் படுங்கள் என்று ஒரு வீடியோ வந்திருக்கிறது. ஒன்பது மாத வயிற்றோடு இவள் குப்புறப் படுக்கப் பார்த்திருக்கிறாள். முடியாமல் போனதும், "எனக்கு வந்தா படுக்கக்கூட முடியாதே" என்று அழுதிருக்கிறாள். கர்ப்பிணிக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே போதும் என்று அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லை.

நான் செய்த தவறு

"பயப்படாத தாயி, ஒண்ணும் ஆகாது" என்றேன். மே 11 அன்றே மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அதத்தான் எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

அது என்னைச் சுட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால், "பயப்படாதே" என்று சொன்னதும் எதிரே இருப்பவர் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாமல் போகிறது. கேட்டால் பயப்படுகிறாள் என்றாகிவிடும். அவளுக்கு ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது. நான்தான் வாயை அடைத்திருக்கிறேன்.

பயத்தைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. பயம்–உடல் இறுக்கம்–வலி என்று ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழலைப் பற்றிக் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-களிலேயே பேசினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று ஏற்பதில்லை என்றாலும் பிரசவ அறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சுழல் தெரியும். வலி எடுத்து நன்றாக வந்துகொண்டிருக்கும் பெண், பக்கத்துக் கட்டிலில் யாரோ அலறுவதைக் கேட்டதும் தோள், தாடை, தொடை எல்லாவற்றையும் இறுக்கிக்கொள்வாள். மிரட்சியில் அட்ரினலின் ஏறும்போது கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் பின்வாங்குகிறது. வலி இருக்கும், முன்னேற்றம் இருக்காது. இந்தப் பெண் அந்த இறுக்கத்தை மூன்று வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

நோட்டு

மே 14, வெள்ளிக்கிழமை. காய்ச்சல் கணக்கெடுப்பு முடித்துவிட்டுச் சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அவள் வாசற்படிக்கு உள்ளே, நான் வெளியே, நடுவில் ஆறடி. அவளுடைய தம்பியின் பழைய கணக்கு நோட்டு ஒன்று ஜன்னலில் கிடந்தது. பாதிப் பக்கங்கள் காலி. "மனசுல என்னென்ன ஓடுதோ எல்லாத்தயும் இதுல எழுது. எனக்காக எழுதாத, உனக்காக எழுது. சின்னதுன்னு எதையும் விட்றாத" என்று சொல்லிவிட்டு அவளுடைய அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் பதினோரு கேள்விகள்.

பிரசவ வலியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அதைப் பார்த்து நான் அசந்துபோனேன். தலைப்பிரசவக்காரி வலிக்குத்தான் பயப்படுவாள் என்று நினைத்து நான் வலியைப் பற்றியே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் எழுதியது வேறு. ராத்திரி வலி வந்தால் 108 வருமா? அவர் திருப்பூரிலிருந்து வர முடியுமா? அம்மாவை உள்ளே விடுவார்களா? எனக்குப் பாசிட்டிவ் வந்தால் நம் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களா, துரத்திவிடுவார்களா? பாசிட்டிவ் என்றால் கட்டாயம் வயிற்றைக் கிழிப்பார்களா? குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களா? பால் கொடுக்கலாமா? எனக்கு ஊசி போடலாமா? வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் என்ன? ஊரில் எங்கள் வீட்டை ஒதுக்கிவைப்பார்களா? கடைசியில், மற்ற எழுத்தை விடச் சின்னதாக, நான் செத்துப்போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள்?

அன்றிலிருந்து பத்து நாட்கள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் வேலை. ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் கையாலேயே பதில் எழுதவைத்தேன். நான் சொல்லி அவள் தலையாட்டினால் அன்று ராத்திரியே மறந்துவிடும்.

வண்டிக் கேள்விக்கு நான் "வரும்" என்று சொல்லவில்லை. ஊரடங்கிலும் 108 ஓடுகிறது, ஆனால் நோயாளிகளை ஏற்றி இறக்குவதில் தாமதம் ஆகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். அதனால் மூன்று வழி எழுதினோம். முதலில் 108. அரை மணி நேரத்தில் வராவிட்டால் தெருக்கோடி ஆட்டோக்காரர். அவரும் இல்லாவிட்டால் பால் வேன் வைத்திருக்கும் அவளுடைய சித்தப்பா. அந்த இரண்டு பேரிடமும் நேரில் போய்ப் பேசினோம். "எத்தன மணிக்குக் கூப்பிட்டாலும் வர்றேன் தாயி" என்று ஆட்டோக்காரர் சொன்னதை அவள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எங்கே சேர்ப்பது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள். நெகட்டிவ் என்றால் எங்கள் நிலையம். பாசிட்டிவ் என்றால் மாவட்டத் தலைநகரில் சீமாங் பிரிவு, அதாவது தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்த வங்கி எல்லாம் ராப்பகலாக உண்டு. "துரத்துறது இல்ல, பெரிய எடத்துக்கு அனுப்புறது" என்று அவளே எழுதினாள். அறுவை சிகிச்சைக்குக் கொரோனா மட்டும் காரணம் ஆகாது. மூச்சுக் கோளாறோ வழக்கமான பிரசவச் சிக்கலோ இருந்தால்தான் அது. குழந்தை தாயோடு இருக்கலாம், முகக்கவசம் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நடைமுறை மாறும் என்பதையும் மறைக்கவில்லை. கேட்க வேண்டிய வாக்கியத்தை எழுதிக்கொடுத்தேன்: "டாக்டர், குழந்தைய என் பக்கத்துலயே வைக்கலாமா? மாஸ்க் போட்டுப் பால் குடுக்குறேன்." இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். பரவாயில்லை, சொல்லிப் பழகினாள்.

தடுப்பூசிக்கு அன்றைய தேதியில் பதில் "இல்லை". கர்ப்பிணிகளுக்குப் போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது ஜூலை 2 அன்றுதான். அதனால் அவளுக்குப் போட முடியாத ஊசியை அவளைச் சுற்றி இருப்பவர்களுக்குப் போட்டோம். 46 வயது அம்மாவும் 52 வயது அப்பாவும் மே 17 அன்று முதல் தவணை போட்டுக்கொண்டார்கள். தனக்காக இரண்டு பேர் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வீட்டுப் பிரசவம் பற்றிய கேள்விக்குப் பின்னால் அம்மாச்சி இருந்தார். எட்டுப் பிள்ளைகளை வீட்டில் பெற்றவர். அவரிடம் நான் சண்டை போடவில்லை. "எட்டுல எத்தன தங்குச்சு அம்மாச்சி?" என்று மட்டும் கேட்டேன். அஞ்சு என்றார். பிறகு அவரே, "ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்தக் கேள்வி அங்கே முடிந்தது.

கடைசிக் கேள்விக்கு எதிரே மட்டும் பதில் எழுதவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இத இங்க எழுதிவை. இது நம்ம ரெண்டு பேரு கையிலயும் இல்ல. நம்ம கையில இருக்குறதெல்லாம் முன் பக்கத்துல இருக்கு" என்றேன். ஒண்ணும் ஆகாது என்று அடித்துச் சொல்லியிருக்கலாம், அன்றைக்கு அவள் தூங்கியும் இருப்பாள். ஆனால் தெருவில் ஒருவர் திரும்பி வராததைப் பார்த்தவளிடம் அப்படிச் சொன்னால், நான் சொன்ன மற்ற பத்துப் பதிலையும் அவள் நம்பமாட்டாள். குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற பாதியை மட்டும் அவளுடைய அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். அன்றைக்கு அம்மாவும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அழுது முடித்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

மே 18 அன்று பி.பி. 116/74. ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தாள்.

உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தது

மூச்சுப் பயிற்சி புதிதில்லை. மூக்கால் நாலு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடுவது. வெளியே விடும் மூச்சை நீட்டினால் நாடித்துடிப்பு இறங்கும். அதை வாயால் விளக்குவதை விட விளக்கை வைத்துக் காட்டுவது சுலபம். சாமி விளக்கை ஒரு முழம் தள்ளி வைத்து, "சுடர் அணையக் கூடாது, சாயணும். சாஞ்சது சாஞ்சபடி நிக்கணும்" என்றேன். முதல் நாள் இரண்டு தடவை அணைத்துவிட்டாள். மூன்றாம் நாள் சுடர் அவள் மூச்சுக்குப் பணிந்து சாய்ந்து நின்றது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான்.

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இவள் பிரசவ அறையில் முகக்கவசத்தோடு அல்லவா மூச்சு விடப்போகிறாள்! வலியில், மாஸ்க்குக்குள், வாயால் மூச்சு விட்டால் யாருக்குமே மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்து, தொற்றுதான் முற்றிவிட்டது என்று நினைத்துவிட்டால் அவ்வளவுதான். அதனால் விளக்கை எடுத்துவிட்டு மாஸ்க்கோடு தினமும் பத்து நிமிடம் பழகவைத்தேன். ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி, மாஸ்க்கோடு மூச்சு விடும்போதும் 98 காட்டுவதை அவள் கண்ணாலேயே பார்க்கவைத்தேன். கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்கினால் உடனே ஆஸ்பத்திரி என்பதையும் அப்போதே எழுதிக்கொண்டாள். இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்காத விஷயம். இப்போது யாராவது பெருந்தொற்றுக் காலப் பிரசவம் பற்றிக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, முகம் தெரியாத மனிதர்கள். பிபிஇ என்ற முழுப் பாதுகாப்பு உடையில் நான் இருக்கும் போட்டோ ஒன்றைக் கைப்பேசியில் காட்டி, "இது யாருன்னு சொல்லு" என்றேன். தெரியவில்லை. "நான்தான்" என்றதும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கண்ணு ஒங்க கண்ணுதான் நர்சம்மா" என்றாள். அந்த உடைக்குள் இருப்பதும் ஒரு பொம்பளைதான், வேர்த்து ஊற்றிக்கொண்டு, தண்ணீர் குடிக்க முடியாமல் நிற்பாள் என்று சொன்னேன்.

செய்திக்கு ஒரு கட்டுப்பாடு. டிவியை நிறுத்தினால் ஏதோ மறைக்கிறார்கள் என்று இன்னும் பயப்படுவாள். அதனால் அப்பா மட்டும் சாயங்காலம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவளுக்கு வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்வது என்று ஏற்பாடு. மே 21 ராத்திரி எனக்குப் போன் வந்தது. "தமிழ்நாட்டுல இன்னைக்கு 36,184-ன்னு போட்டுருக்கான் நர்சம்மா." எப்படியோ பார்த்துவிட்டாள். மாநிலத்தில் அந்த அலையின் உச்சம் அதுதான் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. "நம்ம ஊருல எத்தன?" என்று கேட்டேன். ஏழு என்றாள். "பத்துப் பதில்ல எதாச்சும் மாறிப்போச்சா? எடுத்துப் பாரு." நோட்டைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "மாறல" என்றாள். சரி, தூங்கு என்றேன்.

குழந்தை அசைவைக் கணக்கெடுப்பதும் நோட்டிலேயே நடந்தது. சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுத்து, அசைவுக்கு ஒரு கோடு. இரண்டு மணி நேரத்தில் பத்துக் கோடு வராவிட்டால் போன் செய்ய வேண்டும். அவளுக்குப் பிடித்த வேலை அது. முக்கால் மணி நேரத்திலேயே பத்துக் கோடு போட்டுவிட்டு, "ரொம்ப ஆட்டம் போடுது" என்று பெருமையாகச் சொல்வாள்.

மே 27

தளர்வில்லாத ஊரடங்குக்கு முன்னால் ஊர் போய்ச் சேரட்டும் என்று மே 22, 23 இரண்டு நாளும் பஸ் விட்டார்கள். 23 அன்று கணவர் வந்துசேர்ந்தார். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம். அதனால் அவரைத் தோட்டத்து மோட்டார் ரூமில் தங்கவைத்தோம். காலையும் மாலையும் வரப்பில் அவர் நிற்க, கொல்லைப்புறத்தில் இவள் நின்று பேசிக்கொள்வார்கள்.

பிரசவத்துக்கு முந்தைய கொரோனா பரிசோதனைக்காக மே 26 அன்று ஸ்வாப் எடுத்தோம். மறுநாள் மதியம் ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ். லேசான மூக்கடைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நேரில் போய்த்தான் சொன்னேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளையாலதான் வந்துச்சு" என்று அம்மாச்சி ஆரம்பித்தார். யாரால் வந்தது என்ற பேச்சை இன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது என்று கொஞ்சம் அதட்டித்தான் நிறுத்தினேன். (மாப்பிள்ளைக்கு எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.) இந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் எழுந்து உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தாள். கை நடுங்கியது. 'பாசிட்டிவ் வந்தால்' என்று தலைப்புப் போட்ட பக்கத்தைத் திருப்பினாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: உட்கார். பத்து மூச்சு. நர்சம்மாவுக்குப் போன். பை, ஆதார், தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், போன் சார்ஜர். பெரிய ஆஸ்பத்திரி. துரத்துவது இல்லை.

உட்கார்ந்தாள். மூச்சை எண்ண ஆரம்பித்தாள். தம்பி, யாரும் சொல்லாமலே, கதவோரம் நின்று கூடவே எண்ணினான். எனக்கு அப்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. திரும்பி நின்று 108-க்குப் போன் போட்டேன்.

அவளுடைய ஒரு பதில் அன்றே பொய்த்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றரை மணி நேரம் ஆம்புலன்ஸுக்குள்ளேயே காத்திருந்தாள். "ஏன் இங்க கூட்டிட்டு வந்தீங்க" என்று ஒருவர் டிரைவரிடம் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கிறது. துரத்துவது இல்லை என்று எழுதவைத்தவள் நான். அந்த வாசலில் நின்று கத்தியவரும் நாற்பது நாளாக வீட்டுக்குப் போகாதவராக இருக்கலாம். ஆனாலும் ஒன்பது மாத வயிற்றோடு வந்த பெண்ணுக்கு முன்னால் அப்படிப் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றைக்கும். கடைசியில் இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் போனாள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்ற ஏற்பாடு பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் உண்டு. கொரோனா வார்டில் அது இல்லை. அம்மா வெளியே மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். மே 28 ராத்திரி பதினோரு மணிக்கு வலி எடுத்தது. வீட்டில் என்றால் சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்கச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். அங்கே அது இல்லை என்பதால் கைப்பேசியில் நேரம் பார்த்து எழுதியிருக்கிறாள்: 11.10, 11.22, 11.31, 11.39. நெருங்குவதைப் பார்த்து அவளே செவிலியரைக் கூப்பிட்டாள்.

பிறகு நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். வந்த செவிலியர் தன் பெயரை மார்க்கரால் உடையின் நெஞ்சில் பெரிதாக எழுதியிருந்தாராம். அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது என்றாள். வலி வரும்போதெல்லாம் விளக்குச் சுடரை நினைத்து ஊதினாளாம். நடுவில் ஒரு கட்டத்தில் எல்லாம் மறந்து கத்தியிருக்கிறாள், மாஸ்க்கைப் பிய்த்து எறிந்திருக்கிறாள். அந்தச் செவிலியர் வேறு மாஸ்க் மாட்டிவிட்டு, "கத்துறதுன்னா கத்திக்க, முடிச்சுட்டு ஊது" என்றாராம். எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியிருக்குமா தெரியாது. மே 29 காலை 5.40-க்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2 கிலோ 800 கிராம். தாயின் ஆக்ஸிஜன் அளவு கடைசிவரை 97-க்குக் கீழே இறங்கவில்லை.

குழந்தையை முதலில் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். டியூட்டி டாக்டர் வந்ததும் அவள் பழகிவைத்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். குழந்தையின் தொட்டில் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டது. பால் கொடுத்தாள். மறுநாள் குழந்தையின் ரிசல்ட் நெகட்டிவ்.

நான் திட்டமிடாத பத்து நாட்கள்

இந்த இடத்தில் என் வேலை முழுசாக இல்லை என்பதை எழுத வேண்டும். நோட்டில் இருந்த கேள்விகள் எல்லாம் பிரசவம் வரைக்கும்தான். அதற்கு அப்புறம் என்ன என்று அவளும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பச்சை உடம்போடு, துணைக்கு யாருமில்லாமல், குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போவது எப்படி என்று யாருமே யோசிக்கவில்லை. நாலாம் நாள் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்ததும் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். மார்பு கல் மாதிரி ஆகும், வெந்நீர்த் துணி ஒற்றி, குழந்தையை அடிக்கடி குடிக்கவிட்டால் இளகும், அப்படியும் காய்ச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதவைத்திருந்தால் அந்த ராத்திரி அப்படிப் போயிருக்காது. அதற்கப்புறம் தினமும் காலை ஏழு மணிக்கு நானும், மதியம் கணவரும், ராத்திரி அம்மாவும் வீடியோ காலில் வருவது என்று முறை வைத்தோம். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனை எதிரே வைத்துக்கொண்டு அம்மா பூக்கட்டிக்கொண்டிருப்பார், இவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜூன் 7 அன்று வீட்டுக்கு வந்தாள். ஒதுக்கிவைப்பார்களா என்று அவள் எழுதிய கேள்விக்கு ஊர் பாதிக்குப் பாதி பதில் சொன்னது. இரண்டு வீட்டில் வாசல் கதவைச் சாத்தினார்கள். ஆட்டோக்காரர் வீட்டிலிருந்து தினமும் பத்தியச் சோறு வந்தது.

பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அதை மனச்சோர்வாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் கேட்டது ஒரே கேள்வி: "குழந்த தூங்கும்போது ஒனக்குத் தூக்கம் வருதா?" குழந்தை தூங்கியும் தாய் தூங்க முடியவில்லை என்றால் அங்கே கவனிக்க வேண்டியது இருக்கிறது. 14-ஆம் நாள் "வரல" என்றாள். 16-ஆம் நாள் டாக்டரிடம் பேசவைத்தேன். அம்மா ராத்திரி ஒரு வேளைப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 21-ஆம் நாள் நான் போனபோது மதியம் இரண்டு மணி. தாயும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பாமல் திரும்பிவிட்டேன்.

ஜூலை 14, புதன்கிழமை, தடுப்பூசி நாள். குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசிக்குத் துணை சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தாள். குழந்தை எடை 4 கிலோ 100. அவளுக்குப் பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு இன்னொரு பெண் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. "கர்ப்பமா இருக்கவுங்களும் கொரோனா ஊசி போடலாம்னு சொல்றாங்களே, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்டது. என் கையில் ஐஸ் பெட்டி. வைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்புவதற்குள், "ஒங்கிட்ட நோட்டு எதாச்சும் இருக்கா?" என்று இவள் கேட்பது காதில் விழுந்தது.